புதுக் கல்லீரல், கூடும் எடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் அதற்காகக் காத்திருப்பவர்களும் எடைக்குறைப்பு அறுவை செய்துகொள்ளலாமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் எங்கள் மருத்துவக் குழு பதில் சொல்கிறது. ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குக் கல்லீரல் மாற்றி 2 வருடம் ஆகிறது. அப்போது 78 கிலோ, இப்போது 109. உயரம் 168 செ.மீ. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் புதிதாக வந்திருக்கின்றன. சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அறுவை வரை போகவேண்டிய எடையா இது?

பதில்: முதலில் அந்த 78-ஐ நம்பாதீர்கள். தசை கரைந்து, வயிற்றிலும் காலிலும் நீர் கோத்திருந்த உடம்பின் எடை அது. நீரைக் கழித்துப் பார்த்தால் அவர் 31 கிலோவுக்கும் மேலேயே ஏறியிருப்பார். அதில் ஒரு பங்கு திரும்பி வந்த தசை. அது வரவேண்டியதுதான். மிச்சம் கொழுப்பு.

ஏன் ஏறுகிறது என்றால், மாதக்கணக்கில் செத்துக் கிடந்த பசி புதுக் கல்லீரலோடு உயிர்பெற்று வருகிறது. ஸ்டீராய்டு அதை இன்னும் கிளப்பிவிடுகிறது. புதுக் கல்லீரலை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை கணையத்தின் இன்சுலின் சுரப்பைக் குறைத்துச் சர்க்கரையைக் கொண்டுவரும். அதே வேலைக்கான சைக்ளோஸ்போரின் ரத்த அழுத்தத்தையும் ரத்தக் கொழுப்பையும் ஏற்றும். ஏறும் எடையில் பெரும்பங்கு முதல் வருடத்திலேயே ஏறிவிடுகிறது. கொழுப்பு படிந்ததால் கெட்டுப்போன கல்லீரலை மாற்றியவர் என்றால் புதுக் கல்லீரலிலும் அதே கொழுப்பு படியத் தொடங்கும்.

உங்கள் கணவரின் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எவ்வளவு எடை என்று காட்டும் எண், 38.6. 1991-இல் வந்த பழைய விதி 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை போன்ற நோயும் இருந்தால் அறுவை என்றது. 2022-இல் சர்வதேச அறுவை மருத்துவச் சங்கங்கள் அதைத் திருத்தி, 35-ஐத் தாண்டினாலே பரிந்துரைக்கலாம், வளர்சிதை நோய் இருந்தால் 30 முதலே யோசிக்கலாம் என்றன. ஆசியர்களுக்கு இந்த எல்லை இன்னும் கீழே, 27.5-இலேயே தொடங்குகிறது. ஆக, இவர் எந்தக் கணக்கிலும் தகுதிக்குள் வருகிறார்.

ஆனால் அதற்குமுன் மாத்திரைப் பட்டியலை ஒருமுறை அலச வேண்டும். ஸ்டீராய்டு இன்னும் ஓடுகிறதா, நிறுத்த முடியுமா? சர்க்கரைக்கு எடை கூட்டும் மருந்தோ இன்சுலினோ போகிறதா, மாற்றலாமா? தூக்கத்தில் மூச்சு அடைக்கிறதா? இதையெல்லாம் கேட்டு, உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் 3 முதல் 6 மாதம் ஒழுங்காக முயன்ற பிறகும் தராசு அசையவில்லை என்றால் அறுவை பற்றிப் பேசலாம். கல்லீரல் மாற்றி ஒரு வருடமாவது தாண்டி, ரத்தப் பரிசோதனைகள் நிலையாக இருப்பதும் அவசியம்.

கேள்வி: எங்கள் உறவில் ஒருவர் எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்து நன்றாக இளைத்துவிட்டார். கல்லீரல் மாற்றிய என் அண்ணனுக்கோ இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழல்போல ஆக்கும் ஸ்லீவ்தான் செய்வோம் என்கிறார்கள். பைபாஸில்தான் எடை அதிகம் குறையும் என்று சொல்கிறார்களே, கேட்டுப் பார்க்கலாமா?

பதில்: எடைக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. பைபாஸில் மொத்த எடையில் சுமார் 30 சதவீதம், ஸ்லீவில் 20 முதல் 25 சதவீதம் குறைவது வழக்கம். கல்லீரல் மாற்றியவருக்கு அந்த வித்தியாசத்துக்காக நாங்கள் பைபாஸ் பக்கம் போகமாட்டோம். காரணம் இரண்டு.

ஒன்று பித்தக்குழாய். கல்லீரல் மாற்றியபோது தானமாக வந்த பித்தக்குழாயை அண்ணனின் குழாயோடு தைத்திருப்பார்கள். அந்தத் தையல் இடம் பின்னாளில் சுருங்குவது அடிக்கடி வரும் தொல்லை. உயிரோடிருப்பவரிடமிருந்து பகுதிக் கல்லீரல் வாங்கியவர்களுக்கு இது இன்னும் அதிகம். சுருங்கினால் இ.ஆர்.சி.பி. செய்து, வாய் வழியாக எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடலுக்கு இறக்கி, குழாயை விரித்து ஸ்டென்ட் வைப்பார்கள். பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மி.லி. பிடிக்கும் ஒரு சிறு பையை மட்டும் விட்டு, குடலை வெட்டி மேலே கொண்டுவந்து அதில் இணைத்துவிடுகிறார்கள். முன்சிறுகுடல் பாதையிலிருந்தே விலகிப்போகிறது. சாதாரண எண்டோஸ்கோப் அங்கே எட்டாது. ஸ்லீவில் வாயிலிருந்து முன்சிறுகுடல் வரை பழைய பாதை அப்படியே இருக்கும்.

இரண்டாவது மாத்திரை. டாக்ரோலிமஸ் உடம்பில் ஏறவேண்டிய அளவு மிகக் குறுகிய வரம்புக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் உடல் கல்லீரலை நிராகரிக்கும். கூடினால் சிறுநீரகம் அடிபடும். குடலின் ஒரு பகுதியைத் தாண்டி அனுப்பும் அறுவையில் இந்த அளவைக் கணிப்பது கடினமாகிறது.

இரைப்பையைச் சுற்றிப் போடும் வளையத்தைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். நோய் எதிர்ப்பை அடக்கி வைத்திருக்கும் உடம்பில் ஓர் அந்நியப் பொருளை நிரந்தரமாக விடுவது, தொற்றை விருந்துக்கு அழைப்பதுபோல. பலனும் குறைவு. வேண்டாம்.

ஸ்லீவ் எல்லோருக்கும் பொருந்தும் என்றும் சொல்லமாட்டோம். கடுமையான நெஞ்செரிச்சல் இருந்தால் அது இன்னும் மோசமாகலாம். உணவுக்குழாயின் கீழ்முனையில் அமிலத்தால் திசு மாறியிருந்தால் ஸ்லீவைத் தவிர்ப்பதே நல்லது. அதனால் முன்கூட்டியே எண்டோஸ்கோப்பி கட்டாயம்.

கேள்வி: முதல் அறுவையின் தழும்பே வயிறு முழுக்க இருக்கிறது. அதே இடத்தில் சிறு துளை போட்டு ஸ்லீவ் செய்ய முடியுமா? என்ன கஷ்டம் வரும்?

பதில்: பெரும்பாலும் லேப்பராஸ்கோப்பியிலேயே முடிகிறது. திறந்து செய்யவேண்டி வரலாம் என்ற ஒப்புதலையும் சேர்த்தே வாங்குவார்கள்.

சாதாரண ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவை ஒட்டிய ரத்தக் குழாய்களைத் துண்டித்து, வாய் வழியாக 12 அல்லது 13 மி.மீ. தடிமனுள்ள குழாயை உள்ளே விட்டு, அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஸ்டேப்ளரால் நெடுக வெட்டித் தைக்கிறார்கள். இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வெளியே வந்துவிடும். மிஞ்சுவது 100 முதல் 150 மி.லி. பிடிக்கும் ஒரு குழல்.

கல்லீரல் மாற்றியவரின் வயிற்றில் முதல் சிக்கல் ஒட்டுதல். கல்லீரலின் இடப்பக்கம் இரைப்பையின் உள்வளைவோடும், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தோடும் ஒட்டிப்போயிருக்கும். அதைத் தூக்கிப் பிடிக்கும் கருவியை அவசரமாக வைத்தால் புதுக் கல்லீரலின் உறை கிழியும். இரண்டாவது, மண்ணீரல் பழையபடி வீங்கியே இருந்தால் இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் நடுவே உள்ள குட்டையான நாளங்கள் புடைத்திருக்கும். ஒன்று பிய்ந்தாலும் ரத்தம் கொட்டும்.

மூன்றாவது, பலர் கேட்க மறந்துவிடும் விஷயம்: கல்லீரலுக்குப் போகும் தமனியை முன்பு எதோடு இணைத்தார்கள்? வழக்கமான தமனி உதவாதபோது, இரைப்பையின் வெளிவளைவை ஒட்டி ஓடும் தமனியையே கல்லீரலுக்குத் திருப்பிவிட்டிருக்கலாம். ஸ்லீவில் கை வைக்கும் இடமே அதுதான். தெரியாமல் வெட்டினால் கல்லீரலுக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். எனவே முதல் அறுவையின் முழு அறுவைக் குறிப்பை வாங்கி, எடைக்குறைப்பு நிபுணரின் கையில் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு போதாது. கூடவே ரத்த நாளங்களைக் காட்டும் சி.டி. ஸ்கேனும் வேண்டும்.

தழும்பில் குடலிறக்கம் இருப்பவர்கள், ஒரே கல்லில் இரண்டு மாங்காயாக அதையும் சேர்த்துச் சரிசெய்யலாமா என்று கேட்கிறார்கள். அடைப்பும் வலியும் இல்லையென்றால் முதலில் எடையைக் குறைத்துவிட்டு, பிறகு குடலிறக்கத்தை அடைக்கும் வலையை வைப்பதே பெரும்பாலும் நல்லது. கனத்த வயிற்றில் வைத்த வலை நிலைப்பதில்லை. இரைப்பையைத் திறந்த அதே நேரத்தில் வைத்தால் தொற்றும் பயமுறுத்தும்.

கேள்வி: அம்மாவுக்குக் கல்லீரல் சுருக்க நோய். மாற்று அறுவைக்குப் பதிவு செய்யப் போனால் பி.எம்.ஐ. 42, எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்கிறார்கள். உயரம் 155, எடை 101 கிலோ. வயிறு முழுக்க நீர், காலிலும் வீக்கம். இப்போதே ஸ்லீவ் செய்துவிடலாமா?

பதில்: அம்மாவின் எடையை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். நீர் கோத்தவர்களுக்குத் தராசு காட்டும் எண்ணை அப்படியே எடுக்கக்கூடாது. நடைமுறையில் உள்ள கணக்கு இது: வயிற்று நீர் லேசாக இருந்தால் எடையில் 5 சதவீதம், மிதமாக இருந்தால் 10, அதிகமாக இருந்தால் 15 கழிக்க வேண்டும். காலில் வீக்கம் இருந்தால் மேலும் 5. அம்மாவுக்கு 20 சதவீதம் கழித்தால் மிஞ்சுவது சுமார் 81 கிலோ. பி.எம்.ஐ. 34-க்குக் கீழே வந்துவிடுகிறது. 40-க்கு மேல் என்பதைத் தடையாக வைத்துப் பார்த்தவர்களுக்கு இது வேறு நோயாளி. இதோடு தசையின் அளவையும் சி.டி.யில் பார்க்க வேண்டும். கொழுப்புக்கு அடியில் தசை கரைந்துபோனவர்கள் நிறைய. பட்டினி போட்டால் அந்த மிச்சத் தசையும் போகும். சுருக்க நோய் உள்ளவர் இரவில் படுக்குமுன் சிறிது உண்டுவிட்டுத்தான் தூங்க வேண்டும். எடை குறைக்கிறேன் என்று அதை நிறுத்தாதீர்கள்.

வயிற்றில் நீர் உள்ள நிலையில் தனியாக ஸ்லீவ் செய்வது ஆபத்து. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் வாசல் சிரையில் ஏறிய அழுத்தத்தால் இரைப்பைச் சுவரே புடைத்த நாளங்களால் நிறைந்திருக்கும். ஸ்டேப்ளர் போட்ட கோடு ஆறாது. வயிற்று நீரில் தொற்று வந்தால் கல்லீரல் அங்கேயே கைவிட்டுவிடும். நீரும் மனக்குழப்பமும் ரத்த வாந்தியும் இல்லாத ஆரம்பநிலைச் சுருக்க நோயில் மட்டும், அந்தச் சிரையின் அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, கல்லீரல் மாற்று வசதியுள்ள மையத்தில் செய்வதுண்டு.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: மாற்று அறுவை நடக்கும் அதே மேசையில், புதுக் கல்லீரலுக்கு ரத்தம் பாய்ந்து கசிவெல்லாம் நின்ற பிறகு ஸ்லீவையும் முடித்துவிடுவது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு 2013-இல் இப்படிச் செய்த 7 பேரின் விவரத்தை வெளியிட்டது. உணவுக் கட்டுப்பாட்டால் பி.எம்.ஐ.யை 35-க்குக் கீழே கொண்டுவர முடியாதவர்கள் அவர்கள். யாரும் இறக்கவில்லை, யாரும் கல்லீரலை இழக்கவில்லை. ஒருவருக்கு ஸ்டேப்ளர் கோட்டில் கசிவு, ஒருவருக்கு அளவுக்கு மீறிய எடையிழப்பு. ஏழில் இரண்டு பேருக்குச் சிக்கல் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தேர்ந்தெடுத்த நோயாளிக்கு, பழகிய குழுவின் கையில் நல்ல வழி. எல்லா மையத்திலும் கேட்டு வாங்குகிற விஷயம் அல்ல.

கேள்வி: ஸ்லீவ் செய்த பிறகு நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரைகளை எப்படிச் சாப்பிடுவது? பொடி செய்து கொடுக்கலாமா? டோஸ் மாறுமா?

பதில்: இந்தப் பகுதியிலேயே முக்கியமான கேள்வி இது. எடை எதிர்பார்த்த அளவு குறையாவிட்டால் வேறு வழி பார்க்கலாம். மருந்தளவு சரிந்து கல்லீரல் போய்விட்டால் எளிதில் மீள முடியாது.

அறுவைக்கு முன்பே தொடங்குகிறது வேலை. நிராகரிப்பைத் தடுக்க எவரோலிமஸ், சிரோலிமஸ் சாப்பிடுபவர்களுக்குப் புண் எளிதில் ஆறாது. 4 முதல் 6 வாரம் முன்பே டாக்ரோலிமஸுக்கு மாற்றி, காயம் முழுக்க ஆறிய பிறகே பழையதற்குத் திரும்ப வேண்டும். நீண்ட நாளாக ஸ்டீராய்டு எடுப்பவருக்கு அறுவையன்று கூடுதல் டோஸ் தேவைப்படலாம். மயக்க மருந்து நிபுணரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

டாக்ரோலிமஸ் கேப்ஸ்யூல் சிறியது. அறுவையன்று காலையிலேயே ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கச் சொல்வார்கள். வாயால் எதுவும் கொடுக்க முடியாத நிலை வந்தால் நாக்கடியில் கொடுக்கும் முறை உண்டு. அதன் டோஸ் வேறு, மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். நாள் ஒன்றுக்கு ஒரு வேளை எடுக்கும் நீடித்த வகையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபினலேட்டையும் வீட்டில் பொடிக்காதீர்கள். அந்தத் தூள் கருவைப் பாதிக்கும், பொடிப்பவர் மூச்சிலும் போகும். விழுங்க முடியவில்லை என்றால் திரவ வடிவம் கேளுங்கள்.

ஸ்லீவுக்குப் பின் அமிலம் குறைக்கும் மாத்திரை மாதக்கணக்கில் கொடுப்பார்கள். மைக்கோஃபினலேட் மோஃபெட்டில் கரைய அமிலம் வேண்டும். எனவே இந்த இரண்டும் சேர்ந்தால் உடம்பில் ஏறும் மருந்து குறையும். மேலுறை பூசிய மைக்கோஃபினலேட் சோடியம் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் மெக்னீசியம் உள்ள அமில முறிவு மருந்துகளையும் மைக்கோஃபினலேட்டிலிருந்து குறைந்தது 2 மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள்.

டாக்ரோலிமஸ் டோஸ் ஸ்லீவுக்குப் பிறகு பலருக்குப் பெரிதாக மாறுவதில்லை. ஆனாலும் ரத்தத்தில் அளவு பார்த்தே ஆக வேண்டும். மருத்துவமனையில் இருக்கும்வரை அடிக்கடி, வீடு திரும்பியதும் முதல் மாதம் வாராவாரம், பிறகு எடை ஓரிடத்தில் நிற்கும்வரை மாதாமாதம் பார்ப்பது நல்ல பழக்கம். இங்கே நடக்கும் தவறு ஒன்றுதான், அது திரும்பத் திரும்ப நடக்கிறது: காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரத்தம் கொடுக்கப் போவது. அறிக்கையில் அளவு உச்சத்தில் தெரியும். அதைப் பார்த்து டோஸைக் குறைப்பார்கள். இரண்டு வாரத்தில் கல்லீரல் என்சைம்கள் ஏறும். முந்தின இரவு மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை டோஸுக்கு முன் ரத்தம் கொடுங்கள். மாத்திரையைக் கையில் எடுத்துப்போய், ஊசி குத்திய பிறகு விழுங்குங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் டாக்ரோலிமஸ் அளவு குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு, ஏறிவிடும். வாந்தி வந்தால் மறுபடி சாப்பிடுவதா வேண்டாமா என்ற விதியை வீட்டுக்கு அனுப்பும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு யோசிக்கிற விஷயம் அல்ல அது.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை எல்லாம் முதல் நாளிலிருந்தே குறைக்கப்பட வேண்டும். பழைய டோஸைத் தொடர்ந்தால் மயங்கி விழுவார். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையை அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். வலிக்கு பாரசிட்டமால், மருத்துவர் சொன்ன அளவில். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை எதுவும் ஆகாது. ஸ்லீவில் புண் வரும், டாக்ரோலிமஸோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கேள்வி: வீட்டுக்கு வந்த பிறகு எதைப் பார்த்தால் உடனே ஓட வேண்டும்?

பதில்: ஸ்டேப்ளர் கோட்டில் கசிவு வருவது பெரும்பாலும் மேல்முனையில், உணவுக்குழாய் சேரும் இடத்தில்தான். கீழே குழல் வளையும் இடம் சற்று இறுகியிருந்தால் உள் அழுத்தம் ஏறி மேல்முனை பிரியும். பலருக்கு இது டிஸ்சார்ஜ் ஆன பிறகு, முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியவரும்.

மற்றவர்களுக்குக் காய்ச்சலும் கடும் வலியும் காட்டிக்கொடுக்கும். கல்லீரல் மாற்றியவர்களுக்கு ஸ்டீராய்டும் நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளும் இரண்டையும் மறைத்துவிடும். நாடித்துடிப்பை நம்புங்கள்: சும்மா உட்கார்ந்திருக்கும்போது 120-ஐத் தொட்டால் காத்திருக்க வேண்டாம். புரோபிரனலால், கார்வெடிலால் சாப்பிடுபவருக்கு 100 ஆனாலே சந்தேகப்படுங்கள், ஏனென்றால் அந்த மாத்திரை துடிப்பை அமுக்கி வைக்கும். இடது தோளில் வலி, மூச்சு வாங்குதல், காரணமில்லாத பதற்றம் இவையும் கசிவின் அறிகுறிகள்.

கசிவுக்குச் சிகிச்சை தொடங்கும்போது பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் போன்ற மருந்து சேர்ப்பார்கள். அது டாக்ரோலிமஸ் அளவை மளமளவென்று ஏற்றும். அருகிலுள்ள வேறு மருத்துவமனையில் சேர்ந்திருந்தால், கல்லீரல் மாற்று மையத்தை அன்றே தொலைபேசியில் பேச வையுங்கள்.

இன்னொன்று, இரண்டு மூன்று வாரத்தில் வரும் மந்தமான வயிற்று வலி. தண்ணீர் போதாமல் வாசல் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அல்சர் என்று நினைத்துச் சும்மா இருக்காமல் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்குக் கல்லீரல் மாற்றியிருக்கிறார்கள். இளைத்தால் பித்தப்பையில் கல் வரும் என்கிறார்களே?

பதில்: உங்களுக்குப் பித்தப்பையே இல்லை. மாற்று அறுவையில் அதையும் எடுத்திருப்பார்கள். ஆனால் கண் மஞ்சளானாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ பித்தக்குழாயைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இப்போது எடை குறைக்க வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறதே, அது போதாதா?

பதில்: அந்த ஊசிகளில் செமாக்ளூடைடு 2021-இலும் டிர்செபடைடு 2023-இலும் உடல் பருமனுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பெரிய ஆய்வுகளில் முதலாவதில் சராசரி 15 சதவீதம், இரண்டாவதன் உச்ச டோஸில் 20 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட எடை குறைந்தது. உறுப்பு மாற்றியவர்களை வைத்து நடந்த ஆய்வுகள் அல்ல அவை. இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்பதால் ஊசி தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றும்போதும் டாக்ரோலிமஸ் அளவு பார்க்க வேண்டும். வாந்தி தொடர்ந்தால் நீரிழப்பில் சிறுநீரகம் பாதிக்கும். நிறுத்தினால் எடை திரும்பும்.

எங்கள் கருத்து: பி.எம்.ஐ. 30-களின் நடுவில் இருப்பவர் ஊசியை முதலில் முயலட்டும். 40-ஐத் தாண்டி, சர்க்கரையும் கட்டுக்கடங்காமல், புதுக் கல்லீரலிலும் கொழுப்பு ஏறுகிறவர் அதிலேயே வருடங்களை ஓட்ட வேண்டாம்.

கேள்வி: சாப்பாட்டு முறை, சத்து மாத்திரை பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் கூழ்போல் அரைத்தது, பிறகு மென்மையானது. கெட்டியான உணவு 6 முதல் 8 வாரத்துக்குப் பிறகு. புரதம் நாளுக்கு 60 முதல் 80 கிராம். தட்டில் புரதத்தை முதலில் முடியுங்கள், இடம் இருந்தால் மற்றது. தண்ணீர் ஒன்றரை லிட்டர், மிடறு மிடறாக. சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

பி12, இரும்பு, வைட்டமின் டி, நாளுக்கு 1,200 முதல் 1,500 மி.கி. கால்சியம் ஆயுள் முழுக்கத் தேவை. கால்சியம் சிட்ரேட் வடிவில் எடுங்கள், அமிலம் குறைந்த வயிற்றிலும் சேரும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஸ்டீராய்டால் ஏற்கெனவே எலும்பு மெலிந்தவர்கள் என்பதால் அறுவைக்கு முன்பே எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து வையுங்கள். வைட்டமின் ஏ மட்டும் கண்டபடி வேண்டாம், மிகுந்தால் கல்லீரலுக்கே நஞ்சு. மூலிகைப் பொடிகளையும் தவிர்த்துவிடுங்கள்.

வாந்தி நாள்கணக்கில் தொடர்ந்தால் உடம்பில் தயமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோகும். நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், குழப்பம் வரும். அவசரப் பிரிவில் குளுக்கோஸ் ட்ரிப் ஏற்றுமுன் தயமின் ஊசி போடச் சொல்லுங்கள். முறை மாறினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

கேள்வி: கல்லீரல் மாற்றிய என் மகளுக்கு 29 வயது. ஸ்லீவுக்குப் பிறகு குழந்தை பெறலாமா?

பதில்: பெறலாம். எடை வேகமாகக் குறையும் முதல் 12 முதல் 18 மாதம் மட்டும் தள்ளிப்போடுங்கள். இளைக்க இளைக்க மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கரு தரிக்கும் வாய்ப்பு கூடும். அதனால் கருத்தடையை அறுவைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். வாந்தி இருக்கும் மாதங்களில் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. மைக்கோஃபினலேட் சாப்பிடுகிறவர் என்றால் கரு தரிக்க முயல்வதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே கல்லீரல் மருத்துவர் அதை வேறு மருந்துக்கு மாற்றித்தர வேண்டும். மகள் தானாக நிறுத்தக்கூடாது.